மே மழைக்கு முன் டொம்கெட் பூலைச் சரிபாருங்கள்

சித்திரை இடிமழை தொடங்கிவிட்டது. ஹட்டன், நோர்வூட், டயகம பக்கமெல்லாம் கொழுந்து திரண்டு வரும் காலம். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் மரம் முறியும், லைன் அறும், கரண்ட் விட்டு விட்டு வரும். கொழுந்து நிறுவையையும் செக்ரோலையும் டொம்கெட் சேர்வரில் ஏற்றும் தோட்டக் காரியாலயங்கள் தரவுத்தள இணைப்புப் பூலை இப்போதே சரிபார்த்துவிட வேண்டும். மழை பிடித்த பிறகு கை வைத்தால், கோளாறு லைனிலா பூலிலா என்று கண்டுபிடிப்பதற்குள் சம்பள நாள் வந்துவிடும்.

ஒவ்வொரு நிறுவைக்கும் தரவுத்தளத்தோடு புதிதாக இணைப்பு எடுத்தால் நேரம் போகும். அதனால் டொம்கெட் சில இணைப்புகளைத் திறந்தே வைத்திருந்து, கேட்கும்போது கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதுதான் பூல். தரவுத்தளம் கொழும்பிலும் டொம்கெட் தோட்டத்திலும் இருக்க, நடுவில் லைன் அறுந்தால், இணைப்பு முடிந்துவிட்டது என்ற சேதி எந்தப் பக்கத்துக்கும் போய்ச் சேராது. மைஎஸ்க்யூஎல் டிரைவரில் சொக்கெட்டைம்அவுட் கொடுக்காமல் விட்டால் அதன் பெறுமதி பூச்சியம். டிரைவர் தானாகக் கைவிடாது, பதிலுக்குக் காத்துக்கிடக்கும். டொம்கெட் 8 முதல் வழக்கமான பூலின் உச்ச எண்ணிக்கை, நீங்கள் எதுவும் குறிக்காவிட்டால், வெறும் 8. இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கோ எல்லையே கிடையாது. எட்டும் மாட்டிக்கொண்டால் ஒன்பதாவதாகக் கேட்பவருக்குப் பிழைச் செய்திகூட வராது. மடுவத்தில் கூடையோடு வரிசை நிற்கும், திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கொன்டெக்ஸ்ட் கோப்பில் மேக்ஸ்வெயிட்மில்லிஸை 10,000 ஆக்குங்கள். இணைப்பு முகவரியில் கனெக்ட்டைம்அவுட் 5,000, சொக்கெட்டைம்அவுட் 30,000 சேருங்கள். மூன்றும் மில்லிசெக்கன். பத்துச் செக்கனில் பிழை தெரிந்தால் நிறுவை எழுதுபவர் உடனே கையால் எழுதும் கொப்பிக்கு மாறலாம்.

ஆனால் மாதக் கடைசிச் செக்ரோல் கணக்கு முப்பது செக்கனில் முடியாது. நிறுவைக்கு வைத்த எல்லையை அதற்கும் போட்டால் சம்பளக் கணக்கு நடுவழியில் அறுந்துவிடும். இரண்டு வேலைக்கும் இரண்டு டேட்டாசோர்ஸ் வையுங்கள். நிறுவைக்கு 15 இணைப்பும் குறுகிய எல்லையும், செக்ரோலுக்கு 3 இணைப்பும் நீண்ட எல்லையும் நடுத்தரத் தோட்டமொன்றுக்குப் போதும் என்பது என் கணிப்பு. எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. மைஎஸ்க்யூஎல் மாற்றாமல் விட்டால் மொத்தமாக ஏற்பது 151 இணைப்புத்தான், பத்துத் தோட்டங்கள் ஒரே தரவுத்தளத்தைத் தொட்டால் எல்லாப் பூலின் உச்சமும் கூட்டி அதற்குள் அடங்க வேண்டும்.

காலையில் மட்டும் வரும் கோளாறு வேறு. மைஎஸ்க்யூஎல் 28,800 செக்கன், அதாவது எட்டு மணித்தியாலம் சும்மா கிடந்த இணைப்பை மூடிவிடும். பின்னேரம் பூட்டிய காரியாலயம் காலைப் பிரட்டு நேரத்தில் திறக்கும்போது பூல் நீட்டுவது செத்த இணைப்பு. டெஸ்ட்ஒன்பொரோ என்பதை ட்ரூ ஆக்கினால் கொடுக்குமுன் சோதித்துப் பார்க்கும். வழக்கமான பூலில் அது முன்பே ட்ரூ. டொம்கெட் ஜேடிபிசி பூலைத் தெரிவுசெய்தவர்கள்தான் கையால் மாற்ற வேண்டும், அங்கே அது ஃபோல்ஸ்.

பழைய டொம்கெட் 7இலிருந்து கோப்பை அப்படியே கொண்டுவந்தவர்கள் இன்றைக்கே கட்டலினா லொக்கைத் திறந்து பாருங்கள். மேக்ஸ்அக்டிவ் இப்போது பாவனையில் இல்லை, மேக்ஸ்டோட்டல் பாவியுங்கள், நீங்கள் கொடுத்த பெறுமதி புறக்கணிக்கப்படுகிறது என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை வரி இருக்கும். 50 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள், ஓடிக்கொண்டிருப்பது 8. மேக்ஸ்வெயிட்டும் அப்படியே, புதுப் பெயர் மேக்ஸ்வெயிட்மில்லிஸ். ஜேடிபிசி பூலில் மட்டும் பழைய பெயர்கள்தான் செல்லும்.

லைன் நன்றாக இருந்தும் பூல் தீர்ந்துபோனால், நிரலில் எங்கோ இணைப்பை வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை. லொக்அபண்டண்ட், ரிமூவ்அபண்டண்ட்ஒன்பொரோ இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். இணைப்பை வாங்கிய இடம் நிரல் வரியோடு லொக்கில் விழும். இணைப்பை அநாதை என்று கொள்ளும் காலவரை, மாற்றாவிட்டால், 300 செக்கன். செக்ரோல் டேட்டாசோர்ஸில் அதை உயர்த்தாவிட்டால் நியாயமாக ஓடும் நீண்ட கணக்கையும் அநாதை என்று பறித்துவிடும்.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். எல்லை கடந்து அறுந்த பதிவு தரவுத்தளத்தில் ஏறியதா இல்லையா என்று திரையில் தெரியாது. எழுதுபவர் மறுபடி அழுத்தினால் ஒரே நிறுவை இரண்டு முறை ஏறும். அழுத்தாமல் விட்டால் ஏறாமலே போகலாம், கொழுந்து பறித்த பெண்ணுக்கு முழுப் பேர் விழ வேண்டிய இடத்தில் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, விழும். அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. நாட்கூலியில் பாதியை ஒரு சேர்வர் அமைப்பு விழுங்க விடக்கூடாது. திகதி, தொழிலாளி இலக்கம், நிறுவை நேரம் மூன்றையும் சேர்த்து யுனிக் கீ வைத்துவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றுதான் நிற்கும்.

மாற்றியதை ஞாயிறு பின்னேரம் சோதியுங்கள். முதலில் ஒரு பேக்கப். பிறகு பரீட்சைத் தொழிலாளி இலக்கம் ஒன்றில் நிறுவை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நெட்வேர்க் வயரைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். டொம்கெட்டை மறுபடி தொடங்காமலே ஒரு நிமிடத்துக்குள் பதிவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் மைஎஸ்க்யூஎல்லின் ப்ரொசஸ்லிஸ்டில் எத்தனை இணைப்பு நிற்கிறது என்று எண்ணி, பூலின் உச்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரண்ட் திரும்பும்போது தரவுத்தளம் முதலில் எழுகிறதா, டொம்கெட் அதற்குப் பிறகா என்பதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறைத் துணைமின்நிலையக் கோளாறால் நாடு முழுவதும் இருண்டது, அது தென்மேற்குப் பருவமழைகூட இல்லாத ஒரு ஞாயிறு. மாற்றிய கொன்டெக்ஸ்ட் கோப்பின் பிரதியொன்றை அச்சிட்டு, திகதியும் போட்டு, செக்ரோல் பீரோவில் வையுங்கள்.