பிட்காயின் விலையை எக்ஸெலில் வரைந்து பார்ப்போமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் என் பெரியப்பா போன வாரம் போன் செய்தார். "பிட்காயின் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுமாமே தம்பி, ரிடையர்மென்ட் பணத்துல கொஞ்சம் போடட்டுமா?" என்றார். நானும் 2021 நவம்பரில் இதே கதையை நம்பி 20,000 ரூபாய்க்கு வாங்கியவன்தான். எனவே வாயால் பதில் சொல்லாமல் எக்ஸெலைத் திறக்கச் சொன்னேன். நீங்களும் திறந்துகொள்ளுங்கள்.

முதலில், இந்த நான்கு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது? பிட்காயினுக்கு ரிசர்வ் வங்கி போன்ற அமைப்பு கிடையாது. 2009 ஜனவரியில் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒரு புரோகிராமின் விதிப்படிதான் புதிய காயின்கள் வருகின்றன. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் உருவாகும். அதை உருவாக்கும் கம்ப்யூட்டருக்கு ஆரம்பத்தில் 50 காயின்கள் பரிசு. ஒவ்வொரு 2,10,000 பிளாக்குகளுக்கும் பரிசு பாதியாகிவிடும். பத்து நிமிடத்தால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வரும். இதைத்தான் ஹால்விங் என்கிறார்கள். 2012, 2016, 2020, 2024 என நான்கு முறை நடந்து, பரிசு இப்போது 3.125ல் நிற்கிறது. வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது தக்காளி வாங்கும் நமக்குத் தெரியாததா என்ன!

இனி எக்ஸெலுக்கு வருவோம். முதல் நெட்டு வரிசையில் மாதம், இரண்டாவதில் டாலர் விலை. உச்சங்களையும் அடுத்து வந்த சரிவுகளையும் மட்டும் ரவுண்டாகத் தருகிறேன்.

2013 டிசம்பர் – 1150
2015 ஜனவரி – 175
2017 டிசம்பர் – 19500
2018 டிசம்பர் – 3200
2021 நவம்பர் – 67500
2022 நவம்பர் – 15800
2025 அக்டோபர் – 124700

எல்லாவற்றையும் செலக்ட் செய்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட்டை கிளிக் செய்யுங்கள். படம் வந்துவிட்டதா? 2013ன் உச்சம் எங்கே? தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பல மொபைல் ஆப்களிலும் இந்தப் படம்தான் காட்டப்படும். பழைய சரிவெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

இப்போது இடது ஓரத்தில் உள்ள விலை எண்கள் மேல் ரைட் கிளிக் செய்து பார்மட் ஆக்சிஸ் செல்லுங்கள். லாகரிதமிக் ஸ்கேல் என்பதை டிக் செய்து, மினிமம் கட்டத்தில் 100 கொடுங்கள். இனி ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்கு. மூன்று பள்ளங்களும் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, 2015 விலைக்குப் பக்கத்து செல்லில் சமக்குறி போட்டு, அந்த விலையை கிளிக் செய்து, வகுத்தல் குறி போட்டு, மேலே உள்ள உச்ச விலையை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 0.15 என்று வரும். அதாவது உச்சத்தில் போட்ட ஒரு ரூபாயில் மிஞ்சியது 15 பைசா. 2018க்கு 16 பைசா, 2022க்கு 23 பைசா.

என் 20,000 ரூபாய் ஒரே வருடத்தில் ஐயாயிரத்துச் சொச்சமாகிவிட்டது. பயந்துபோய் விற்றேன். 2022 ஏப்ரலுக்குப் பின் வந்த விதிப்படி இதில் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, ஆனால் நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. விற்காமல் இருந்திருந்தால் 2024 மார்ச்சில் முதல் திரும்பியிருக்கும். அன்று அது யாருக்குத் தெரியும்?

"சரி, சுழற்சி உண்மைதானே?" என்று விடாமல் கேட்டார் பெரியப்பா. உச்சங்களுக்கிடையே நான்கு ஆண்டு இடைவெளி இருப்பது உண்மைதான். ஆனால் முழுதாக முடிந்த சுற்றுகள் மூன்றே மூன்று. எங்கள் ஆபீசில் மூன்று முறை மட்டும் டெஸ்ட் செய்த சாப்ட்வேரை யாரும் வெளியே விடமாட்டார்கள். தவிர, 2012ல் தினசரி வரத்து 7,200 காயினிலிருந்து 3,600 ஆனது. 2024ல் 900 வெறும் 450 ஆனது, அதுவும் ஏற்கெனவே 1.9 கோடிக்கு மேல் புழங்கும்போது. போதாக்குறைக்கு, 2024 ஜனவரியில் அமெரிக்கா பிட்காயின் இடிஎஃப்களை அனுமதித்ததும் பெரும் பணம் உள்ளே வந்தது. ஹால்விங்குக்கு முன்பே, மார்ச்சிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. முந்தைய சுற்றுகளில் அப்படி நடந்ததில்லை.

2025 அக்டோபர் உச்சத்துக்கு அடுத்த மாதமே விலை 90,000க்குக் கீழே வந்தது. பெரியப்பா ரிடையர்மென்ட் பணத்தை பேங்க் டெபாசிட்டிலேயே விட்டுவிட்டு, ஷீட்டை மட்டும் சேவ் செய்து வைத்திருக்கிறார். நீங்களும் சேவ் செய்யுங்கள். புதிய விலை சேர்க்க, கீழே ஒரு வரிசை டைப் செய்து, சார்ட்டை கிளிக் செய்து, எண்களைச் சுற்றித் தெரியும் வண்ணக் கட்டத்தின் மூலையைக் கீழே இழுத்தால் போதும்.