அம்மாயியின் போர்வை: வெட்டுவதா, காப்பதா?

சென்ற தை மாதம் தாராபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய தகரப் பெட்டி கிடைத்தது. அதனுள் என் அம்மாயி, அதாவது என் தாயாரின் தாயார், கையால் தைத்த போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. உடுத்திப் பழசான நூல் சேலைகளை ஐந்தாறு அடுக்காக விரித்து, வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்ட போர்வை அது. விரித்துப் பார்த்தால் மடிப்புகளில் எல்லாம் கிழிசல். நடுவில் கையகல ஓட்டை ஒன்று.

வீட்டில் விவாதம் தொடங்கியது. "கிழியாத இடமாகப் பார்த்து வெட்டி நாலு தலையணை உறை தைக்கலாம், அண்ணா. நம் குழந்தைகள் நாலு பேருக்கும் ஆளுக்கொன்று. பெட்டியில் கிடந்து யாருக்கு லாபம்?" என்றாள் என் தங்கை. "எங்கம்மா கை பட்ட துணியில கத்திரி படக்கூடாது, கண்ணு" என்றார் என் தாயார். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளோ, "அப்பா, இதற்கு இயற்பியல் என்ன சொல்கிறது?" என்று கேட்டாள்.

மாணவ நண்பர்களே! எது அருமையானது என்பதை இயற்பியல் சொல்லாது. ஆனால் எது முடியும், எது முடியாது என்பதைச் சொல்லும். அதை முதலில் காண்போம்.

துணி ஏன் இற்றுப் போகிறது?

பருத்தி நார் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் சங்கிலியாகக் கோத்த நீண்ட மூலக்கூறு அது. சங்கிலி நீளமாக இருக்கும் வரை நார் உறுதியாக இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களும், காற்றிலுள்ள ஆக்சிஜனும், அமிலமும் இச்சங்கிலியை ஆங்காங்கே துண்டிக்கின்றன. துண்டுகள் சிறுத்துவிட்டால், பார்வைக்குத் துணி முழுசாக இருந்தாலும் உறுதி போய்விடும்.

சாயமும் ஒரு காரணம். எங்கள் போர்வையில் ஒரு கறுப்புக் கரை தொட்டாலே பொடிந்தது. அதை ஒட்டிய சிவப்புப் பகுதியோ நன்றாக இருந்தது. கந்தகக் கறுப்புச் சாயம் ஏற்றிய பருத்தியை ஈரமான இடத்தில் நெடுங்காலம் வைத்தால், சாயத்திலுள்ள கந்தகம் ஆக்சிஜனுடன் சேர்ந்து சிறிது சிறிதாகக் கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலம் செல்லுலோஸை அரித்துவிடும். எங்கள் கரைக்கும் இதுவே நேர்ந்திருக்கலாம்.

அடுத்து, மடிப்பு. மடித்த இடத்தில் வெளிப்புற இழைகள் இழுபடுகின்றன, உட்புற இழைகள் நசுங்குகின்றன. ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடந்தால் அக்கோட்டிலேயே துணி அறும்.

எளிய சோதனை ஒன்று செய்தோம். விளிம்பில் ஏற்கெனவே பிரிந்து தொங்கிய இழைகளை மட்டும் எடுத்து மெதுவாக இழுத்துப் பார்த்தோம். நல்ல இழை சற்றே தாங்கிப் பிறகு அறும். இற்ற இழை இழுத்தவுடனே உதிரும். ஓரங்களில் சில இடங்கள் மட்டுமே தேறின. நடுப்பகுதி முழுவதும் பலவீனம்.

வெட்டினால் என்ன ஆகும்?

முதலில் என் தங்கையின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லவேண்டும். பழையதற்குப் புதுப் பயன் தருவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் விழும் வெட்டுத் துணியைப் பிய்த்து நாராக்கி, மீண்டும் நூலாக நூற்கிறார்கள். 1813ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெஞ்சமின் லா என்பவர் கந்தல் கம்பளித் துணியைப் பிய்த்துப் புதுத் துணி நெய்தார். அவ்வளவு ஏன், அந்தப் போர்வையே பழஞ்சேலையின் மறுபயன்தானே! அம்மாயி கத்திரி எடுக்கத் தயங்கியவர் அல்லர்.

ஆனால் இதில் ஒரு வேறுபாடு உண்டு. அவர் எடுத்தது பழைய சேலை, இற்றுப்போன சேலை அன்று. ஓட்டுத் தையல் ஐந்தாறு அடுக்குகளையும் இணைத்து, வரும் இழுவிசையை எல்லா அடுக்குக்கும் பகிர்ந்து கொடுத்தது. அதைக் குறுக்கே வெட்டினால் வெட்டு வாயில் தையல் பிரியும், அடுக்குகள் தனித்தனியாகும். பிறகு தையல் இயந்திரத்தில் கொடுத்தால், ஊசி ஓர் அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு துளை போடும். அஞ்சல்தலைத் தாளில் துளை வரிசை எதற்காக இருக்கிறது? அந்த வழியே எளிதில் கிழிவதற்காகத்தானே! இற்ற துணியில் நெருக்கமான தையலும் அப்படித்தான்.

தலையணை உறையைத் துவைக்கவும் வேண்டும். கனத்த பருத்தித் துணி நனைந்தால் ஏராளமான நீரைக் குடிக்கும். அந்தக் கனத்தோடு கொடியில் தொங்கினால், இற்ற இழைகள் எத்தனை நாள் தாங்கும்?

காப்பது என்றால் என்ன?

1947 ஆகஸ்டு 15 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியை, கோட்டை அருங்காட்சியகத்தில் 2013 முதல் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அது இருப்பது கண்ணாடிப் பெட்டியில், மங்கிய ஒளியில். ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கொடி அமெரிக்காவில் உள்ளது. 1814இல் மெக்ஹென்றி கோட்டையில் பறந்த அந்தக் கொடி 42 அடி நீளம் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது 34 அடி. காரணம் காற்றும் காலமும் மட்டுமல்ல. நினைவுப் பொருளாகப் பலருக்குத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார்கள். 1914இல் அதைத் தாங்க, பின்புறம் லினன் துணி வைத்துச் சுமார் 17 லட்சம் தையல் போட்டார்கள். பின்னாளில் அந்தத் தையலை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். தையலைப் பிரிக்க முடிந்தது. வெட்டிய துண்டுகளைத் திரும்ப ஒட்ட முடிந்ததா?

மங்கிய ஒளி எதற்கு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு வழக்கமான வரம்பு 50 லக்ஸ். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதாவது 2,000 மடங்கு. ஒரு மணி நேர வெயில், 2,000 மணி நேர மங்கிய ஒளிக்குச் சமம். நாளுக்கு எட்டு மணி என்றால் 250 நாள்! வெயிலில் புற ஊதாக் கதிர்களும் மிகுதி என்பதால் உண்மையான கேடு இதைவிடவும் கூடும்.

நாங்கள் செய்தது

வெட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். உணர்ச்சி மட்டும் காரணம் அல்ல. வெட்டினால் சில மாதங்களில் உறையும் இருக்காது, போர்வையும் இருக்காது. வெட்டாமல் வைத்தால், நாளை வேறு முடிவு எடுக்க வழி இருக்கும். திரும்பப் பெற முடியாத செயலைக் கடைசியாகச் செய் என்பது நல்ல விதி.

பலமுறை துவைத்து மென்மையான வெள்ளை வேட்டியைப் பின்புறம் வைத்து, மெல்லிய பருத்தி நூலால் இடைவெளி விட்டுத் தைத்தோம். நூல் துணியைவிடப் பலவீனமாக இருக்கவேண்டும். இழுவிசை வந்தால் நூல் அறும், துணி தப்பும். மின்சுற்றில் உருகியின் வேலையும் இதுதானே! பிறகு, துவைத்த துணி சுற்றிய அகன்ற அட்டைக் குழாயில் மடிப்பில்லாமல் சுருட்டி, மேலே வெள்ளைத் துணி போர்த்தினோம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போடவில்லை. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். ஆண்டுக்கு ஒருமுறை நிழலில் விரித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

தங்கைக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. குழந்தைகள் கையில் ஒன்றும் இல்லையே என்கிறாள். அதனால் அவளுடைய உறுதியான பழஞ்சேலைகள் நான்கை எடுத்து, என் தாயார் குழந்தைகளுக்கு அந்த ஓட்டுத் தையலைக் கற்றுக்கொடுத்து வருகிறார். மூன்று வரிசை முடிந்திருக்கிறது. கோணலாகத்தான் வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். இழை உறுதியாக உள்ளதா? இதைப் போல வேறு ஒன்று உண்டா? செய்யப்போவதைத் திரும்பப் பெற முடியுமா? இழை உறுதி, அதுபோல இன்னும் பல உண்டு என்றால் தாராளமாகப் பை தைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே சாயத்துணியில் ஒரே அகலமுள்ள இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றை அலமாரியில் வையுங்கள். மற்றதை இரண்டு மாதம் வெயிலில் கட்டுங்கள். பிறகு இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பத்து இழைகள் உருவி, நுனியில் சிறு காகிதக் கிண்ணம் கட்டி, அறும் வரை மணல் போட்டு, மணலை நிறுத்துப் பாருங்கள். ஒரே இழையை வைத்து ஏன் முடிவு செய்யக்கூடாது? சராசரி எதற்கு? சிந்தியுங்கள்.