பழைய தேயிலையா, பாழான தேயிலையா?

பழைய அரிசி குழையாது, பழைய புளிக்குத் தனிச் சுவை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சீனர்களிடையே ஒருவகைத் தேயிலைக்கும் அதே மதிப்பு உண்டு. அதன் பெயர் பூஎர். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் தயாராகும் இந்தத் தேயிலையை வட்ட அடைபோல அழுத்தி, தாளில் சுற்றி விற்பார்கள். பல ஆண்டுகள் பத்திரப்படுத்திய அடைக்குப் பெரும்பாலும் புதியதைவிட விலை அதிகம்.

சிங்கப்பூரில் இது அரிய பொருள் அல்ல. சைனாடவுனின் தேயிலைக் கடைகளில் கிடைக்கும். 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெக் சின் சூன் என்ற பழைய தேயிலைக் கடை அங்கே மாஸ்க் ஸ்திரீட்டில் இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தது, தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் 1826ஆம் ஆண்டில் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல்.

சீனப் புத்தாண்டின்போது பக்கத்து வீட்டார் கொடுத்த பூஎர் அடை ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதை எடுத்தால் நனைந்த சாக்குபோல வாடை அடிக்கிறது. இது பழமையின் மணமா, கெட்டுப்போனதன் அறிகுறியா? குடிக்கலாமா, குப்பையில் போடவேண்டுமா? விடை தெரிந்துகொள்ள நீராவியையும் பூஞ்சையையும் பற்றிக் கொஞ்சம் படிக்கவேண்டும்.

வாடையில் இரண்டு வகை

பூஎர் தேயிலையைப் பக்குவப்படுத்துவதே நுண்ணுயிர்கள்தாம். 1973ஆம் ஆண்டில் யுன்னானின் குன்மிங் தேயிலை ஆலையில் ஒரு விரைவு முறையை உருவாக்கினார்கள். தேயிலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடி வைத்து, அவ்வப்போது கிளறிவிடுவார்கள். குவியலுக்குள் சூடு ஏறும். அஸ்பெர்ஜில்லஸ் நைகர் போன்ற பூஞ்சைகள் பெருகி, இலையின் துவர்ப்பைக் குறைத்துக் கருஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கும். சில வாரங்களில் வேலை முடிந்ததும் இலையை உலர்த்திவிடுவார்கள். இந்த மாற்றங்களின்போது மெத்தாக்சிபென்சீன் வகைச் சேர்மங்கள் உருவாகின்றன. பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோன்ற மணம் இவற்றால் வருவது. இது பூஎரின் இயல்பான மணம்.

இன்னொரு வாடை, மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழுவது. அதற்கு முக்கியக் காரணமான சேர்மத்துக்கு ஜியோஸ்மின் என்று 1965ஆம் ஆண்டில் பெயரிட்டார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் சில பூஞ்சைகளும் அதை உண்டாக்குகின்றன. ஒரு கிராம் ஜியோஸ்மினைப் பத்துக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை ஒரு லிட்டர் நீரில் கலந்தாலும் நம் மூக்கு ஏறத்தாழ அதைக் கண்டுபிடித்துவிடும். எனவே வாடை அடிப்பதால் மட்டும் தேயிலை முழுவதும் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது என்று மூக்கு எச்சரிக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

பிற்பகலில் 60, விடியலில் 90

காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 82 விழுக்காடு. மழையில்லாத நாளில் பிற்பகலில் அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். ஒரே நாளில் ஏன் இவ்வளவு வேறுபாடு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 34 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் அதில் இருப்பது சுமார் 20 கிராம். இரவில் காற்று 24 டிகிரிக்குக் குளிர்கிறது. அந்த வெப்பநிலையில் காற்று தாங்குவது 22 கிராம் மட்டுமே. இருக்கும் 20 கிராமை 22 ஆல் வகுத்தால் 91 விழுக்காடு. ஒரு துளி நீர்கூடக் காற்றில் புதிதாகச் சேரவில்லை. காற்று குளிர்ந்தது, ஒப்பு ஈரப்பதம் ஏறியது.

தேயிலை இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றும். நன்கு உலர்ந்த இலை, ஈரக் காற்றில் இருந்தால் நீராவியை உறிஞ்சும். உலர்ந்த காற்றில் இருந்தால் நீராவியை வெளிவிடும். இலையும் காற்றும் சமநிலைக்கு வரும்வரை இது நடக்கும். திறந்து வைத்த அப்பளம் ஒரே நாளில் நமத்துப்போவதும் இதனால்தான்.

பூஞ்சைக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்?

பூஞ்சையின் வித்துகள் எங்கும் இருக்கின்றன. நீங்கள் இதைப் படிக்கும் அறையின் காற்றிலும் மிதக்கின்றன. ஈரம் கிடைக்கும்வரை அவை முளைப்பதில்லை. உணவில் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நீரை நீர்ச் செயல்பாடு என்ற எண்ணால் அளக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. ஓர் உணவுப்பொருள் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றுடன் சமநிலைக்கு வந்தால் அதன் நீர்ச் செயல்பாடு 0.80.

0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. 0.70ஐத் தாண்டினால் உணவைக் கெடுக்கும் பல பூஞ்சைகள் மெல்ல வளரத் தொடங்கும். 0.80க்கு மேல் வேகமாக வளரும். இப்போது சிங்கப்பூரின் சராசரி 82 என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கே தேயிலையைத் திறந்து வைப்பது பூஞ்சைக்கு இலை போட்டு விருந்து வைப்பது போன்றது.

எதைக் காப்பாற்றக்கூடாது?

தேயிலையை நல்ல வெளிச்சத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். முகர்வதற்கு முன் பார்ப்பது முக்கியம். பூஞ்சை வித்துகள் மூக்கினுள் போனால் ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொல்லை. பஞ்சு போன்ற வெண்மை, பச்சை அல்லது கறுப்புப் புள்ளிகள், இலைகளைப் பிணைக்கும் நூலாம்படை போன்ற இழைகள், தொட்டால் பிசுபிசுப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தேயிலையைப் பையில் போட்டுக் கட்டி எறிந்துவிடுங்கள்.

ஆலையில் பூஞ்சைதானே தேயிலையைப் பக்குவப்படுத்துகிறது, வீட்டில் வளர்ந்தால் என்ன என்று கேட்கலாம். ஆலையில் ஈரத்தையும் சூட்டையும் கண்காணிக்கிறார்கள், முடிந்ததும் உலர்த்துகிறார்கள். வீட்டில் எது முளைக்கும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. அஸ்பெர்ஜில்லஸ் குடும்பத்திலேயே ஃபிளேவஸ் என்றோர் இனம் உண்டு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தன. அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் அந்தப் பூஞ்சை உண்டாக்கிய நச்சு இருந்தது. அதற்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வந்தது. நீண்டகாலம் உட்கொண்டால் மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது அது.

எல்லாப் பூஞ்சையும் நச்சை உண்டாக்குவதில்லை. ஆனால் எது உண்டாக்கும், எது உண்டாக்காது என்று வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. கொதிக்கும் நீர் பூஞ்சையைக் கொல்லும்; அஃப்லாடாக்சினை அழிக்காது. பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பதும் போதாது, அதன் இழைகள் உள்ளே ஓடியிருக்கும். விலை உயர்ந்தது, அன்பாகக் கொடுத்தது என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

காப்பாற்றும் வழி

இலை உலர்ந்திருக்கிறது, பூஞ்சை எதுவும் தெரியவில்லை, வாடை மட்டும்தான் என்றால் தேயிலையை மீட்கலாம்.

முதலில் சுற்றியிருக்கும் தாளை மாற்றுங்கள். தாள் வாடையைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்து, பெரியவர் ஒருவரின் உதவியோடு அடையை அடுக்கு அடுக்காகப் பிரித்து உதிருங்கள். பரப்பு கூடக் கூட, உள்ளே சிக்கிய நீராவியும் வாடைச் சேர்மங்களும் விரைவாக வெளியேறும். உதிர்த்த இலையைச் சுத்தமான முறத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள்.

பரப்பிய முறத்தை எங்கே வைப்பது? குளிர்சாதன அறை நல்லது. குளிர்சாதனக் கருவியின் குழாயிலிருந்து சொட்டும் நீர், அறைக் காற்றிலிருந்து பிரிந்த நீராவிதான். அந்த வசதி இல்லையென்றால், மழையில்லாத நாளில் பிற்பகலில் சன்னலருகே, வெயில் படாத இடத்தில் பரப்பி, மாலையில் எடுத்து மூடிவிடுங்கள். இரவில் திறந்து வைத்தால், பகலில் போன ஈரம் இரவில் திரும்பி வந்துவிடும். நேரடி வெயில் வேண்டாம். அது நல்ல மணத்தையும் சேர்த்து அழிக்கும்.

சில நாள்களில் வாடை குறையும். முழுவதும் போகச் சில வாரங்கள் ஆகலாம். குடிக்கும்போது, முதலில் ஊற்றிய கொதிநீரைச் சில விநாடிகளில் வடித்துக் கொட்டிவிடுங்கள். அது தூசியையும் மீதி வாடையையும் குறைக்கும். நச்சை நீக்கும் வழி என்று அதை நம்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்தும் வாடை மாறவில்லையென்றால் அந்தத் தேயிலையை விட்டுவிடுவதே நல்லது.

இனி வாடை வராமல் இருக்க

அன்றாடத் தேத்தண்ணிக்கான தேயிலைத்தூளுக்கும் பூஎருக்கும் பராமரிப்பு வேறு. தேயிலைத்தூள் எவ்வளவு உலர்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இறுக மூடும் டப்பா போதும். உலர்ந்த கரண்டியால் எடுங்கள், கொதிக்கும் பாத்திரத்தின் ஆவிமேல் டப்பாவைத் திறக்காதீர்கள். பூஎர் மேலும் பக்குவப்படக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அதைச் சுற்றி 60 முதல் 65 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பூஞ்சைக்கு இடமில்லை.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. தேயிலை ஈரத்தைப் போலவே மணத்தையும் பற்றிக்கொள்ளும். தேயிலையோடு மல்லிகையை அடுக்கி வைத்து மல்லிகைத் தேயிலை செய்வது இந்தப் பண்பை வைத்துத்தான். தேக்காவில் வாங்கிவந்த மசாலாத்தூள், சாம்பிராணி, கருவாடு ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் உங்கள் தேநீரிலும் அந்த மணம் வரும். குளிர்பதனப் பெட்டியும் ஏற்றதல்ல. வெளியே எடுத்துத் திறந்தால், வெளிக்காற்றின் நீராவி குளிர்ந்த இலைமீது நீராகப் படியும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: சிறிய ஈரப்பதமானி, சமையல் உப்பு, பாட்டில் மூடி, காற்றுப் புகாத ஸிப் பை.

பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சில துளி நீர் விடுங்கள். உப்பு கரையாமல், ஈர மணல்போல இருக்கவேண்டும். மூடியையும் ஈரப்பதமானியையும் பைக்குள் வைத்து மூடி, அறை வெப்பநிலையில் ஓர் இரவு விடுங்கள். உப்புக் கரைசல் ஈரமானியைத் தொடக்கூடாது. பைக்குள் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைக்கும். உங்கள் ஈரப்பதமானி 79 என்று காட்டினால், இனி அது காட்டும் எண்ணில் 4ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதைத் தேயிலை வைக்கும் அலமாரியில் வைத்து, காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஏழு நாள்களில் எத்தனை முறை 70ஐத் தாண்டியது? உங்கள் வீட்டிலேயே அதைவிட உலர்ந்த இடம் எது? தேயிலை டப்பாவை அங்கே மாற்றி வையுங்கள்.