கிக்கரை மிதிப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டாய், புது வண்டிகளோடு பழைய சேத்தக், எல்எம்எல் வேலையும் உன் கைக்கு வருகிறது என்று எழுதியிருந்தாய். மாதக்கணக்கில் நின்ற ஸ்கூட்டரைக் கிளப்புவது எப்படி என்று கேட்டிருக்கிறாய். உன் கேள்வி ஒரு வரி. என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

டொராண்டோவில் இருக்கும் நம்மவர்கள் பனி விழத் தொடங்கினால் வண்டியைப் பூட்டிவிட்டு, வசந்தம் வந்த பிறகுதான் வெளியே எடுப்பார்கள். கொல்கத்தாவில் கதை தலைகீழ். இங்கே குளிர்காலம்தான் ஸ்கூட்டர் ஓட்டச் சுகமான காலம். வண்டி முடங்குவது மழையில். ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கும் மழை அக்டோபர் நடுவரை விடாது. அந்த நான்கு மாதமும் பழைய வீடுகளின் மாடிப்படிக்கு அடியில், ஈரச் சுவரை ஒட்டி வண்டி நிற்கும். செப்டம்பர் 17, விஸ்வகர்மா பூஜை நெருங்கும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி ஞாபகம் வரும். துர்கா பூஜைக்குள் ஓடியாக வேண்டும் என்பார்கள். அந்த அவசரத்தை உன் கைக்குள் வர விடாதே.

நிற்கும் வண்டி சும்மா நிற்பதில்லை. பெட்ரோல் ஆவியாகிறது, ரப்பர் இறுகுகிறது, இரும்பு துருவேறுகிறது, எலி ஒயரைக் கடிக்கிறது. நீ தொடுவதற்கு முன்பே அதற்குள் நிறைய நடந்து முடிந்திருக்கும். அதனால் வண்டி வந்ததும் கிக்கரை மிதிக்காதே. ஓனர் மிதிக்கச் சொன்னாலும் மிதிக்காதே. முதலில் கேள். எத்தனை மாதம் நின்றது? டேங்க்கில் பெட்ரோல் இருந்ததா? கடைசியாக ஓடியபோது ஏதாவது தொந்தரவு கொடுத்ததா? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, தண்ணீர் ஏறியதா?

இந்தக் கேள்வி இந்த ஊருக்கென்றே உள்ளது. 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை பெய்த மழை நினைவிருக்கும். அலிப்பூர் வானிலை மையத்தில் ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. தரைத்தளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ நீருக்குள் போயின. அப்படி நனைந்த வண்டிகளின் ஓனர்களில் பலர் ‘கொஞ்சம் நனைந்தது’ என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லும் எண்ணம் இருக்காது. அவர்கள் வந்து பார்க்கும்போது தண்ணீர் வடிந்திருக்கும், எவ்வளவு ஏறியது என்று அவர்களுக்கே தெரியாது. நீ லெக்‌ஷீல்டின் உள்பக்கத்தைப் பார். பக்கக் கவசத்தைக் கழற்றி எஞ்சின்மேல் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார். சேத்தக்கின் எஞ்சின் பின்சக்கரத்தோடு ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் போதும், சைலன்சர் வழியாக உள்ளே போய்விடும்.

நீர் புகுந்த எஞ்சினை மிதித்தால் என்ன ஆகும் என்று உனக்கு ஐடிஐ வகுப்பில் சொல்லியிருப்பார்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். புது கியர்லெஸ் வண்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே உன் கால் எதையும் உணராது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் மோட்டார் தன் பலத்தில் திருகிவிடும். ஆகவே முதலில் ப்ளக்கைக் கழற்று. கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி, உள்ளே இருப்பது வெளியேறட்டும். கியர் ஆயில் போல்ட்டைத் திறந்து பார். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது; மாற்று, சற்று ஓட்டு, மறுபடி மாற்று. நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் எஞ்சின் ஆயிலையும் அப்படியே பார். பெல்ட் இருக்கும் பெட்டியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து காயவிடு. பேட்டரி வண்டி நீரில் மூழ்கி வந்தால் நீ திறக்காதே, சார்ஜும் போடாதே, கம்பெனி சர்வீசுக்கு அனுப்பு.

தண்ணீர் படாமல் வெறுமனே நின்ற வண்டிக்கு வருவோம். இதில்தான் உன் வேலையில் பெரும்பங்கு.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்திருக்கிறது. சேத்தக்கிற்கு லிட்டருக்கு 20 மில்லி. கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் சில வாரங்களில் ஆவியாகிப் போகும், ஆயில் போகாது. அது பழுப்பாக, பிசுபிசுப்பாக அடியில் படிந்து சின்ன ஜெட்டின் துளையை அடைத்துவிடும். நின்ற வண்டி கிளம்பாமல் போக இதுவே அதிகம் காணும் காரணம். கிளம்பினாலும் ஐட்லிங்கில் நிற்காது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். குண்டூசியை விடாதே. ஒரு நூலிழை அகலம் துளை பெரிதானாலும் அந்த ஜெட் வீண். காற்றடித்து எடு, அசையாவிட்டால் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிப் பயன்படுத்து.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் கவனி. பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. சேத்தக்கின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல, ஊதிப்போகும், பிளக்கும். இன்னொன்றும் உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் மாதக் கொல்கத்தாவில் அரை டேங்க் பெட்ரோலோடு நிற்கும் வண்டிக்கு ஈரத்துக்கா பஞ்சம்? ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் காக் ‘ஆன்’-இல் இருக்கும்போது உறிஞ்சும் குழாய் உயரத்தில் இருப்பதால் வண்டி சில நேரம் ஒழுங்காகவே கிளம்பும். ரிசர்வுக்குத் திருப்பியதும் அடியில் இருப்பது வரும், வண்டி நடுரோட்டில் நிற்கும். அதனால் நின்ற பெட்ரோலை முழுக்க இறக்கு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பார், இரண்டு அடுக்காகப் பிரிந்தால் ஓனருக்கும் காட்டு. சாக்கடையில் ஊற்றாதே. டேங்க்கின் உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். தீக்குச்சியோ லைட்டரோ பக்கத்தில் வரக்கூடாது, பீடி பிடிக்கும் ஓனரையும் தெருவில் நிறுத்து.

கரண்ட் பக்கம் வேலை குறைவு. பழைய பாயிண்ட் வகை வண்டியில் ஈரத்தால் பாயிண்டின்மேல் வெள்ளை படியும், துடைத்தால் போதும். இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், ப்ளக்கில் 0.6. ஸ்பார்க் பார்க்கும்போது ப்ளக்கை அதன் துளைக்கு அருகே பிடிக்காதே. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும்.

கிக்கர் கல்லாக இறுகி நிற்கிறதா? ஏறி நின்று மிதித்தால் உள்ளே கிக் கியரின் பல் போகும். ப்ளக் துளை வழியாகக் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டு ஓர் இரவு விடு. மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் விரல்நீள அளவுக்கு ஆட்டு. இறங்கி வரும். வராவிட்டால் சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்று ஓனரிடம் சொல்லிவிடு. வண்டியைச் சாய்த்து வைத்துப் பிறகு மிதிக்கும் அந்தப் புகழ்பெற்ற வித்தையை ஓனரே உனக்குச் செய்து காட்டுவார். சாய்த்தால்தான் கிளம்புகிறது என்றால் பெட்ரோல் பாதையில் எங்கோ கோளாறு மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள். சோக் இழுத்து, நிமிர்த்தி வைத்து, இரண்டு மூன்று மிதியில் கிளம்ப வேண்டும். உன் வேலை முடிந்ததற்கு அதுவே அளவு.

இதுவரை சொன்னதெல்லாம் கிளப்புவதற்கு. ஆனால் நீ கிளப்புவதற்கு முன்பே நிறுத்தும் வேலையைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஓடத் தொடங்கிய வண்டியை ஓனர் ஒரு நிமிஷம்கூட உன்னிடம் விட்டுவைக்க மாட்டார். பிறகு பிரேக் பார்க்கலாம் என்று நீ வைத்தால் அந்தப் ‘பிறகு’ வராது. ஆகவே இரண்டு டிரம்மையும் முதலில் திற. ஈரத்தில் நின்ற ஷூ டிரம்மோடு ஒட்டிப் பிடித்திருக்கும், லைனிங் இரும்பைவிட்டுக் கழன்று வந்திருக்கும். கேபிளை உருவிப் பார். வெளியே பளபளப்பாக இருப்பது உள்ளே இரண்டு இழையில் தொங்கும். கிளட்ச் தட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது முதல் கியர் போட்டதும் வண்டி பாய்ந்து எதிர் வீட்டுத் திண்ணையில் முட்டும். எஞ்சினை அணைத்து வைத்து, கிளட்சைப் பிடித்தபடி கியரில் தள்ளிப் பார்த்து, விடுபட்டதை உறுதிசெய்த பிறகு கிளப்பு.

சக்கரத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, யாரும் உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சேத்தக், வெஸ்பா வகை ரிம் இரண்டு பாதிகளை நட்டுப் போட்டு இணைத்தது. ட்யூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால் பாதி ரிம் உன் முகத்துக்கு வரும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போன பிறகே ஸ்பேனரை எடு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. பட்டன் தேயவே இல்லை என்று ஓனர் வாதாடுவார். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் பட்டனால் பயனில்லை.

கிளம்பிய பிறகு புகையைக் கவனி. முதல் சில நிமிஷம் அடர்ந்த புகை வருவது இயல்பு, சைலன்சரில் தங்கிய ஆயில் எரிகிறது. பத்து நிமிஷம் ஆகியும் குறையாமல், கியர் ஆயில் மட்டம் மட்டும் குறைந்தால் க்ராங்க் ஆயில் சீல் போய்விட்டது. நின்ற வண்டியில் இந்தச் சீல் காய்ந்து இறுகும். கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். மறுபக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே எஞ்சின் கத்தும். இதையெல்லாம் மாடிப்படிக்கு அடியில் வைத்துச் சோதிக்காதே. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பு.

சாமான் வாங்க மல்லிக் பஜார் போவாய். பார்க் ஸ்ட்ரீட்டும் ஏ.ஜே.சி. போஸ் ரோடும் சந்திக்கும் அந்த முனையில் கிடைக்காத பழைய சாமான் குறைவு. கவசம், கைப்பிடி, விளக்கு வளையம், கியர், எல்லாம் அங்கே தாராளமாக வாங்கு. ரப்பர் மட்டும் வாங்காதே. ‘அந்தக் காலத்துக் கம்பெனிச் சரக்கு, பேக்கிங் பிரிக்கவில்லை’ என்று சீலை நீட்டுவார்கள். பேக்கிங்குக்குள்ளும் ரப்பருக்கு வயதாகும். சீல், வாஷர், பெட்ரோல் குழாய், ட்யூப் நான்கும் இப்போது தயாரானதாக இருக்கட்டும்.

ஓனர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சேத்தக் 1972-இல் வந்தது, ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரோடு. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. பஜாஜ் 2009-இல் ஸ்கூட்டர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2019-இல் அந்தப் பெயர் பேட்டரி வண்டிக்குத் திரும்பி வந்தது. உன்னிடம் வரும் சேத்தக்கை ஓட்டியவர் பெரும்பாலும் உயிரோடு இருக்க மாட்டார், பிள்ளைதான் தள்ளிக்கொண்டு வருவார். அவர் கேட்பது அப்பாவின் வண்டியை. பெயிண்டைச் சுரண்டும் முன் கேள். முன்பெட்டிக்குள் இருக்கும் பழைய ரசீதையும் சாமி படத்தையும் எடுத்துப் பத்திரமாகக் கொடு. கழற்றிய பழைய பாகங்களைக் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடு. செலவு வண்டியின் விலையைத் தாண்டும் என்றால் வேலை தொடங்கும் முன்பே சொல், பாதியில் சொல்லாதே.

ஆர்சியையும் கேட்டு வாங்கிப் பார். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதியாகியிருக்கும். 2000 மார்ச் 31 வரை தயாரான ஸ்கூட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். கார்புரேட்டரும் சைலன்சரும் சுத்தமாக இருந்தால் சேத்தக் பெரும்பாலும் அதைத் தாண்டாது.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. விடிகாலையில் சதர்ன் அவென்யூவுக்கு எடுத்துப் போ, அந்நேரம் கூட்டம் இருக்காது. மெதுவாகப் போய் முதலில் பிரேக்கைப் பார், பிறகு கியர்களை. ஏரிக்கரையோரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டு. நல்ல வேகத்தில் இருக்கும்போதே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டி, ஆறவிட்டு ப்ளக்கைக் கழற்று. செங்கல் பழுப்பு என்றால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் எங்கோ காற்று நுழைகிறது, அப்படியே ஓட்டக் கொடுத்தால் பிஸ்டன் பிடித்துவிடும், வண்டியை ஒப்படைக்காதே. இப்போது உன் கையில் இருப்பதாக எழுதியிருந்த பச்சை சேத்தக்கின் ப்ளக் என்ன நிறத்தில் வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. எந்த வருட மாடல், பாயிண்ட் வகையா எலெக்ட்ரானிக்கா என்பதையும் சேர்த்து எழுது, சீல் மாற்றும் முறையை அதற்கேற்றபடி விவரமாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்