மெக்சிக்கோ மக்களும் அவர்தம் மரபுச் செல்வமும்

மிளகாய் சேராத குழம்பும் தக்காளி சேராத இரசமும் இந்நாளில் நம் இல்லங்களில் அரியவாயின. எனினும், ஐந்நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் நம் முன்னோர் இவ்விரண்டனையும் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. மிளகாயை முதன்முதற் பயிர்செய்தவர் மெக்சிக்கோ நாட்டு உழவர். தக்காளியும் அவர்தம் வயல்களினின்றே உலகெங்கும் பரவிற்று. நாம் மாலையில் தொடுக்கும் நிலச்சம்பங்கியும் செண்டுமல்லியும் அந்நாட்டு மலர்களே. சப்போட்டாப் பழமோ, பண்டத்தோடு பெயரையும் உடன்கொணர்ந்தது. ‘த்சபோத்ல்’ என்னும் நாவாத்தல் மொழிச் சொல் ஸ்பானியர் வாய்ப்பட்டுத் திரிந்து நம்மிடை வந்து வழங்குகின்றது. இங்ஙனம் நம் அடுக்களையிலும் பூந்தோட்டத்திலும் நாள்தோறும் இடம்பெறும் ஒரு மக்களினத்தைப் பற்றி நம் மாணவருலகம் அறிந்திருப்பது மிகச் சிறிது. அக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே யாம் இதனை எழுதப் புகுந்தோம்.

மெக்சிக்கோ வட அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ளது. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 12 கோடியே 60 இலட்சம் பேராவர். பெரும்பான்மையோர் ஸ்பானிய மொழி பேசும் கலப்பினத்தார். அந்நாட்டின் பழங்குடிகள் ஒருவர் அல்லர், பலர். மாபெருங் கல்தலைகளைச் செதுக்கிய ஓல்மெக்கர், சுழியத்தையும் நுண்ணிய காலக் கணக்கையும் கையாண்ட மாயர், மலையுச்சியைச் சமன்செய்து நகர் கண்ட சபோத்தெக்கர் ஆகிய இவரெல்லாம் வெவ்வேறு மொழியினர், வெவ்வேறு காலத்தினர். இவரனைவரையும் ‘அஸ்டெக்கர்’ என்னும் ஒரே பெயரால் அடக்கிக் கூறும் வழக்கம் பொருந்தாது. அப்பெயரால் சுட்டத் தகுந்தவர் மெக்சிக்கர் எனப்படும் ஒரு குடியினரே. அவர் 1325-ஆம் ஆண்டளவில் ஓர் ஏரியின் நடுவே தெனோச்தித்லான் என்னும் நகரை அமைத்தனர். கள்ளிச் செடியின்மேல் கழுகு அமர்ந்திருக்கக் கண்ட இடத்தில் நகரமைக்குமாறு தெய்வம் பணித்தது என்பது அவர்தம் பழங்கதை. அக்கழுகும் கள்ளியுமே இன்று அந்நாட்டுக் கொடியில் விளங்குகின்றன.

ஏரி நடுவே நகரமைத்தோர் உணவிற்கு யாது செய்தனர்? ஆழமில்லா நீரில் கழிகளை நட்டு, வேலி பின்னி, அதனுள் ஏரிச்சேற்றையும் நீர்ச்செடிகளையும் அடுக்கி வயல் சமைத்தனர். இவற்றைச் ‘சினாம்பா’ என்பர். மிதக்கும் தோட்டங்கள் எனப் பயணநூலார் எழுதுவர். அவை மிதப்பன அல்ல, நிலைத்து நிற்பனவே. மெக்சிக்கோ நகரத்தின் தென்பாலுள்ள சோச்சிமில்கோவில் இன்றும் இம்முறையில் பயிரிடுகின்றனர்.

அம்மக்களின் உயிருணவு மக்காச்சோளம். பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளர்ந்த ஒரு காட்டுப் புல்லைப் பேணி, ஏறத்தாழ 9,000 ஆண்டுகட்கு முன்னரே அதனைத் தானியமாக்கத் தொடங்கினர். அக்காட்டுப் புல்லின் கதிர் விரலளவே உடையது, மணிகளோ சிலவே. அதனைக் கையளவு நீண்ட கொழுங்கதிராக்குதற்கு எத்தனை தலைமுறை உழவர் விதை தெரிந்தெடுத்திருத்தல் வேண்டும்! மாயர் தொன்மத்தில் மனிதனே மக்காச்சோள மாவினால் ஆக்கப்பட்டான் என்பது வியப்பன்று.

இத்தானியத்தை அப்பெண்டிர் சமைக்கும் முறை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஓரிரவு ஊறவிடுவர். மேல்தோல் கழன்றபின் கழுவி, நம் அம்மியை ஒத்த முக்காற் கல்லில் அரைத்து, கையால் தட்டி, மண்ணோட்டில் சுட்டெடுப்பர். அதுவே ‘தோர்த்தியா’ என்னும் அடை. சுண்ணாம்பு சேர்ப்பதனால், மணியினுள் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேரும் நிலையை அடைகின்றது. இம்முறையை அறியாது மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளும், பின்னாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதி ஏழைகளும் ‘பெல்லாக்ரா’ என்னும் கொடுநோயால் மாண்டனர். தானியத்தைக் கப்பலேற்றியவர், அதனைச் சமைத்த பெண்டிரின் அறிவு கொள்ளத்தக்கதென எண்ணிற்றிலர்.

1519-இல் எர்னான் கோர்த்தேஸ் என்னும் ஸ்பானியத் தலைவன் அந்நாட்டிற் காலூன்றினான். 1520-இல் பெரியம்மை பரவிற்று. மெக்சிக்கர்க்குப் பகைவரான பிற குடியினர் பலர் ஸ்பானியரோடு சேர்ந்து போரிட்டனர். 1521 ஆகஸ்டு 13-ஆம் நாள் தெனோச்தித்லான் வீழ்ந்தது. இறுதிப் போர் நிகழ்ந்த இடம் அதன் வடபாலுள்ள திலாத்தெலோல்கோ. இப்பெயரை வாசகர் நினைவிற் கொள்க. மீண்டும் அவ்விடத்திற்கு வருவோம்.

இனி, அவர்தம் மொழியையும் நூல்களையும் கூறுவாம். தமிழ் பயிலும் எமக்கு மிகுந்த உவகை தந்த பகுதி இதுவே. மெக்சிக்கர் மொழி நாவாத்தல் எனப்படும். பகுதியோடு உறுப்புகள் பல அடுக்கி ஒரே நெடுஞ்சொல்லாக்கும் இயல்பினது அது. பெயரின் இறுதியில் ‘த்சின்’ என்னும் ஈற்றைச் சேர்த்தால் மதிப்பும் அன்பும் ஒருங்கே தோன்றும். ‘தொனாந்த்சின்’ என்றால் ‘எம் அன்னையார்’ என்பது பொருள். இன்னும் இனிய மரபு ஒன்றுண்டு: இரு சொற்களை இணைத்துச் சொல்லி, அவ்விரண்டுமல்லாத மூன்றாவதொரு பொருளைக் கொள்வர். ‘நீர், மலை’ என்றால் ஊர். ‘பூ, பாட்டு’ என்றால் கவிதை. ‘கருமை, செம்மை’ என்றால், ஏடெழுதும் இருநிற மைகளைச் சுட்டி, கல்வியறிவு. உம்மைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என நம் இலக்கண வகுப்பிற் பயின்றார்க்கு இது எளிதில் விளங்கும். இத்தகைய ஒப்புமைகளைக் காட்டி இருமொழிக்கும் இரத்த உறவு நாட்டப் புகுவாருமுளர். அது எமக்கு உடன்பாடன்று. மனித உள்ளம் தொலைவான இரு நிலங்களில் ஒரே வழியிற் சென்றது என்பதே நமக்குப் போதிய வியப்பாம்.

அவர் நூல்கள் மரப்பட்டைத் தாளிலோ மான்தோலிலோ தீட்டப்பட்டு, விசிறிபோல் மடிக்கப்பட்டவை. நாவாத்தல் மக்களின் ஏடுகளில் எழுத்தினும் ஓவியமே மிகுதி. கற்றோர் அவற்றை விரித்து வைத்து, மனப்பாடமான உரையைச் சொல்லிப் பொருள் விளக்குவர். மாயரோ, பேச்சின் ஒலியை முழுதும் எழுதவல்ல எழுத்துமுறையைக் கொண்டிருந்தனர்.

இவ்வேடுகள் பெரும்பாலும் அழிந்தன. அழித்தவர் எல்லாரும் அயலார் அல்லர். இத்ஸ்கோவாத்ல் என்னும் மெக்சிக்க அரசனே தனக்கு முற்பட்ட வரலாற்று ஏடுகளை எரிப்பித்தான் எனப் பிற்கால முதியோர் கூறினர். ஆயினும், கிறிஸ்தவராகிய நம் நெஞ்சைச் சுடுவது பிறிதொரு தீ. 1562 ஜூலை 12-ஆம் நாள், யூகத்தான் நாட்டு மனீ என்னும் ஊரில், தியேகோ தே லாந்தா என்னும் பிரான்சிஸ்கத் துறவி மாயர் நூல்களைக் குவித்துத் தீயிட்டார். மாயர் பெரிதும் வருந்தினர் என்பதையும் அவரே எழுதி வைத்துள்ளார். ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட மாயர் ஏடுகளுள் எஞ்சியவை இன்று நான்கே. இயேசுபிரானின் நற்செய்திக்கு இத்தீ வேண்டப்பட்டதோ? வேண்டப்படவில்லை என்றே யாம் தெளிவுறக் கூறுவோம். வேடிக்கை யாதெனில், அதே லாந்தா பின்னர் எழுதிய யூகத்தான் வரலாற்றுள் மாயர் எழுத்துகள் சிலவற்றை ஒலியோடு குறித்து வைத்தார். 1952-இல் யூரி குனோரசோவ் என்னும் ரஷிய அறிஞர் மாயர் எழுத்தைப் படிக்கும் வழியைக் காட்டியது அக்குறிப்பைத் துணையாகக் கொண்டே. நூலெரித்தவர் கையே திறவுகோலையும் தந்துசென்றது.

அதே சபையைச் சேர்ந்த வேறு துறவிகளோ வேறு வழி சென்றனர். 1536 ஜனவரி 6-ஆம் நாள், முன் கூறிய திலாத்தெலோல்கோவில், போர் முடிந்து பதினைந்தாண்டு நிறைவதற்குள், திருச்சிலுவைக் கல்லூரி தொடங்கப்பட்டது. தோற்ற குடியினரின் தலைமக்களுடைய புதல்வர் அங்குச் சேர்ந்து இலத்தீன், அளவைநூல், சொல்லணி, இசை முதலியன பயின்றனர். சில ஆண்டுகளில் அச்சிறுவர் இலத்தீனில் வல்லுநராயினர். குடியேறிய ஸ்பானியருள் பலர் இதனைப் பொறுத்திலர். இலத்தீன் கற்ற இந்தியர் செருக்குறுவர், மறைப்பிறழ்வு கொள்வர் என்று முறையிட்டனர். 1555-இல் கூடிய மெக்சிக்கோத் திருச்சபைச் சங்கம் அந்நாட்டினர்க்குக் குருப்பட்டம் அளிக்கலாகாது என விதித்தது. குருக்களை ஆக்குதற்கென எழுந்த கல்லூரி அந்நோக்கை இழந்தது. அறிஞரை ஆக்கும் பணி மட்டும் எஞ்சியது. 1552-இல் மர்த்தீன் தே லா குருஸ் என்னும் நாட்டு மருத்துவர் கூறிய மூலிகை நூலை, அக்கல்லூரியைச் சேர்ந்த ஹுவான் பதியானோ இலத்தீனில் ஆக்கினார்.

அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் பெர்னார்தினோ தே சகாகூன். 1529-இல் அந்நாடு போந்து, 1590-இல் அங்கேயே மறைந்தவர். அவர் நாட்டு முதியோரை அழைத்து, முன்னரே வகுத்த வினாக்களை வினவினார். முதியோர் தம் மரபுப்படி ஓவியங்களால் விடைதந்தனர். கல்லூரியில் பயின்ற மாணவர் அவ்வோவியங்களின் பொருளை நாவாத்தல் மொழியில் எழுதினர். அந்தோனியோ வலேரியானோ, அலோன்சோ வெகெரானோ, மர்த்தீன் ஹாகோபித்தா, பெத்ரோ தே சான் புவேனவெந்துரா என அம்மாணவர் பெயர்களைச் சகாகூன் தம் முன்னுரையிற் குறிக்கின்றார். பல்லாண்டு உழைப்பின் பயன் பன்னிரண்டு பகுதிகளாகிய ஒரு பெருநூல்: தெய்வங்கள், விழாக்கள், முதியோர் அறவுரைகள், வணிகர், கைவினைஞர், விலங்கு, பறவை, மரஞ்செடி யாவும் அதனுள் அடங்கும். பன்னிரண்டாம் பகுதி, நாடு வீழ்ந்த வரலாற்றைத் தோற்றார் வாய்மொழியாகவே உரைப்பது. ஒருபால் நாவாத்தல், ஒருபால் ஸ்பானியம், இடையிடையே ஏறத்தாழ 2,500 ஓவியங்கள்.

சகாகூனின் நோக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. நோயறியாத மருத்துவன் மருந்து கொடுத்தல் இயலாதவாறு போல, பழஞ்சமயத்தை அறியாத குரு அதனைக் களைதல் இயலாது என்பதே அவர் கருத்து. எனினும், பல்லாண்டு உடனிருந்து கேட்டவர், அழிக்கக் கருதியதன் அழகினை விலக்க ஒண்ணாதவராயினார். அவர் தொகுத்த அறவுரைகளில் தந்தை மகட்கும், தாய் மகட்கும் கூறும் சொற்களைப் பற்றி அவரே வியந்து பேசுகின்றார்.

1576-இல் கொள்ளைநோய் ஒன்று நாட்டைப் பாழாக்கியது. எழுதுவோரும் ஓவியரும் அந்நோய்க்கிடையே பணியை விடாது செய்தனர். வண்ணம் கிடைக்கவில்லை போலும்; இறுதிப் பகுதியின் ஓவியங்கள் பல வெறுங்கோடுகளாகவே நிற்கின்றன. 1577-இல் இரண்டாம் பிலிப் மன்னன், இந்தியரின் பழம் வழக்கங்களை எம்மொழியிலும் எவரும் எழுதலாகாது எனவும், சகாகூனின் ஏடுகளைக் கைப்பற்றுக எனவும் ஆணையிட்டான். நூலின் ஒரு படி கடல்கடந்து இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரை அடைந்து, அங்கு லாரன்சியன் நூலகத்தில் நெடுங்காலம் எவரும் பாராது கிடந்தது.

ஈண்டு நம் நாட்டையும் ஒருமுறை நினைத்தல் தகும். ஓல்மோஸ் என்னும் துறவி 1547-இல் நாவாத்தலுக்கு இலக்கணம் எழுதினார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் முத்துக்குளித்துறையில் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் போர்த்துகேசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். ஆங்கில மொழியின் முதல் இலக்கணம் அச்சானது 1586-இலேதான். ஓரறையிலிருந்து ஒருபாற் கிழக்கும் ஒருபால் மேற்குமாய்ப் பிரிந்த இரு விளக்குகள் போலும் இவை.

சமயவாழ்வில் பழமையும் புதுமையும் கலந்தவாறு பலவாறு காணலாம். தெபெயாக் குன்றில் 1531-இல் ஹுவான் தியேகோ என்னும் நாட்டினர்க்குக் கன்னிமரியாள் தோன்றினார் என்பது குவதலூப்பே அன்னையின் வரலாறு. அக்குன்றில் மக்கள் அன்னையைத் ‘தொனாந்த்சின்’ என்றழைத்தது கண்டு சகாகூன் ஐயுற்றுக் கடிந்தார். மக்களோ அன்னையை விடவில்லை. 1810-இல் இதால்கோ பாதிரியார் விடுதலைப் போரைத் தொடங்கியபோது அவர் படை ஏந்திய கொடி அவ்வன்னையின் திருவுருவமே. நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில், நம் நாட்டுக் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் கொண்டாடுமாறு போலவே, அவர் இறந்தோர் நாளைக் கொண்டாடுகின்றனர். வீட்டில் மேடை அமைத்து, இறந்தார் படம் வைத்து, அவர் விரும்பிய உணவும் சர்க்கரை மண்டையோடுகளும் படைப்பர். கல்லறை முதல் வாயில் வரை செண்டுமல்லி இதழ்களைத் தூவுவர். வழி தெரிதற்கு என்பர். அம்மலரின் நாவாத்தல் பெயர்க்கு ‘இருபது பூ’ என்பது பொருள். அழுகையும் சிரிப்பும் ஒருங்கே நிகழும் அவ்விரவை ஐரோப்பியர் சிலர் எள்ளி எழுதியுள்ளனர்; எமக்கோ அதில் எள்ளத்தக்கது யாதுந் தோன்றவில்லை.

1821-இல் நாடு விடுதலை பெற்றது. சபோத்தெக்கக் குடியிற் பிறந்து, சிறுபருவத்தில் ஸ்பானியம் அறியாதிருந்த பெனித்தோ ஹுவாரெஸ் 1858 முதல் 1872 வரை குடியரசுத் தலைவராய் விளங்கினார். 1910-இல் எழுந்த புரட்சியின் பின், தியேகோ ரிவேரா, ஓரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் ஆகிய ஓவியர் அரசாங்க மாளிகைச் சுவர்களில் உழவரையும் பழங்குடிகளையும் தீட்டினர். பழங்குடி மொழிகட்கோ பள்ளிகளில் நெடுநாள் இடமில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றை ஸ்பானியத்தோடு ஒப்ப நாட்டு மொழிகள் என ஏற்றது. அவை 68 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. 2020-இல் அம்மொழிகளைப் பேசுவோர் ஏறத்தாழ 73 இலட்சம். அவருள் நாவாத்தல் பேசுவோர் ஏறத்தாழ 16 இலட்சத்து 50 ஆயிரம்.

திலாத்தெலோல்கோவில் இன்று பழங்கோயிலின் அடிப்படைகளும், அக்கோயிற் கற்களால் எழுந்த சந்தியாகு ஆலயமும், புதுக்காலத்து மாடங்களும் ஒரே வெளியைச் சூழ நிற்கின்றன. 1968 அக்டோபர் 2-ஆம் நாள், அவ்வெளியிற் கூடிய மாணவர்மீது அரசாங்கப் படையினர் சுட, பலர் மாண்டனர். பதியானோ இலத்தீனில் ஆக்கிய மூலிகை நூலை 1990-இல் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் மெக்சிக்கோவிற்கே திருப்பி அளித்தார். சகாகூனும் அவர்தம் மாணவரும் எழுதிய பெருநூல் பிளாரன்ஸிலேயே உள்ளது; அதன் ஏடுகள் முழுவதையும் இன்று கணினி வழியே எந்நாட்டவரும் புரட்டிக் காணலாம்.