பழங்கணினி எழாவிடின்

சென்ற ஆண்டு, இவ்விழா மலருக்கு வேண்டிய பழைய மாணவர் பெயர்களைத் தொகுக்கப் புகுந்தபோது, 1998ஆம் ஆண்டிலே தட்டெழுதப்பெற்ற பட்டியலொன்று அறையின் மூலையிற் கிடந்த பழங்கணினியினுள் உளதென்று தெரியவந்தது. அதன் அச்சுப்படியைக் கறையான் தின்றுவிட்டது. கணினியோ, ஆளியை எத்தனை முறை அழுத்தியும் எழவில்லை. "இரும்புக்குக் கொடுத்துவிடலாமே, ஐயா" என்றார் உடனிருந்த இளைஞர் ஒருவர்.

அப்பட்டியலிலே மாத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலிருந்து கல்வி நாடி வந்த பிள்ளைகளின் பெயரும், தந்தையார் பெயரும், தோட்டத்தின் பெயரும், சேர்ந்த ஆண்டும் இருந்தன. அவர்களுட் சிலர்க்குத் தம் குடும்பத்தார் பள்ளி புகுந்தமைக்கு எழுத்தில் நின்ற சான்று அதுவொன்றே ஆதலும் கூடும். ஆகலின், இரும்புக்குக் கொடுக்க மனம் ஒருப்படவில்லை. அப்பொறியை எழுப்பிய முறையை, இன்னும் பல வீடுகளிலும் பாடசாலைகளிலும் உறங்கும் பழங்கணினிகளுக்குப் பயன்படுமாறு, ஈண்டு ஒரு பாடமாக எழுதுகின்றேன்.

1. தொடங்கல் என்பது யாது?

கணினி வேலை செய்வதற்கு ஆணைத்தொடர் வேண்டும். அவ்வாணைத்தொடர் வன்தட்டிலே உளது. வன்தட்டிலிருந்து அதனைப் படிப்பதற்கும் ஓர் ஆணைத்தொடர் வேண்டும். அஃது எங்ஙனம் வரும்? தன் பாதணியின் வாரைத் தானே பற்றித் தன்னை மேலே தூக்கிக்கொண்டாற்போன்றதே இச்செயல் என்று கண்ட ஆங்கிலேயர், பாதணிவாரின் பெயரையே இதற்கு இட்டனர். 'பூட்' என்று நாம் இன்று வழங்கும் சொல் அதன் குறுக்கமே.

இச்சிக்கலைத் தீர்ப்பது தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லு. 'பயோஸ்' எனப்படும் ஆணைத்தொடர் அதனுள் அழியாது பதிக்கப்பட்டுளது. ஆளியை அழுத்தியவுடன் நிகழ்வன ஐந்து. முதலில் மின்வழங்கி 5 வோல்ற்று, 12 வோல்ற்று முதலிய மின்னழுத்தங்களை உண்டாக்கி, அவை நிலைபெற்றதும் 'மின் நன்று' என்ற குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்பும். அக்குறிப்பு வருந்துணையும் செயலி அசையாது. இரண்டாவது, செயலி பயோஸைப் படிக்கத் தொடங்கும். மூன்றாவது, பயோஸ் நினைவகம், திரையட்டை, விசைப்பலகை என்பவற்றைச் சோதிக்கும். நான்காவது, தட்டின் முதற் கூறாகிய 512 பைட்டுகளைப் படிக்கும். ஐந்தாவது, அக்கூறு காட்டும் வழியே இயங்குதளம் ஏற்றப்படும்.

1981ஆம் ஆண்டு ஆகத்து மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினி முதலாக, அதன் வழிவந்த பழம்பொறிகள் அனைத்துக்கும் இவ்வரிசை பொதுவாகும். இவ்வரிசையை மனத்திற் கொண்டார்க்குப் பாதி வேலை முடிந்தது. பொறி எந்தப் படியில் நின்றதோ, பழுது அந்தப் படியில் அல்லது அதற்கு முன் உளது, பின்னர் இல்லை. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தீர்க்கும் வழி இன்னது என வரிசைப்பட ஆராய்க என்று வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறியே இங்கும் நெறியாம்.

2. ஓசையும் ஒளியும் இல்லாதவிடத்து

விசிறியும் சுழலாதாயின், பழுது முதற்படியில் உளது. சுவர்க்குதையில் மின் வருகின்றதா என வேறொரு விளக்கை இட்டுப் பார்க்க. பின்னர் வடத்தையும் உருகியையும் பார்க்க. மின்வழங்கியின் பின்புறத்தே 115, 230 என எண்ணிட்ட சிறிய சிவப்பு ஆளியொன்று பல பழம்பொறிகளில் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அவ்வாளி 115இல் நிற்கப் பொறியை இணைத்தால் மின்வழங்கி அந்தக் கணமே கெடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியின் பெட்டியை மாணவர் திறத்தல் ஆகாது. வடத்தைக் கழற்றிய பின்னும் அதனுட் கொள்ளளவிகள் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னைச் சிறிது காலம் தாங்கி நிற்கும். கண்ணாடிக் குழாயுடைய பழந்திரையின் உள்ளே அழுத்தம் பல்லாயிரம் வோல்ற்று. இவ்விரண்டும் தொழிலறிந்தார்க்கே உரியவை.

3. ஓசை உண்டு, திரை இருள்

விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், செவியைத் தீட்டுக. சோதனை செவ்வனே முடிந்தால் பெரும்பாலான பொறிகள் ஒரு குற்றொலி எழுப்பும். பிழையாயின் பல ஒலிகள் எழும். யாப்பிலே குறிலும் நெடிலும் கொண்டு சீரை அறிவதுபோல, ஈண்டும் குற்றொலி, நெட்டொலிகளை எண்ணி எழுதிக்கொள்ளல் வேண்டும். நெட்டொலி ஒன்றும் குற்றொலி இரண்டும் வருமாயின், பல பொறிகளில் அது திரையட்டையின் பிழையைக் குறிக்கும். பயோஸ் செய்தாரைப் பொறுத்து இக்குறிகள் வேறுபடும். ஆதலின் தாய்ப்பலகையின் கைந்நூலோடு ஒப்பிடுக.

எமது பொறி இடைவிடாது ஒலித்தது. அஃது நினைவகத்தின் பிழை. மாத்தளையில் ஐப்பசி, கார்த்திகை மாதத்து மழையின் ஈரம் பூட்டிய அறைகளுள்ளும் புகும். அவ்வீரத்தாலும் தூசியாலும் உலோகத் தொடுமுனைகள் மங்கிவிடும். வடத்தைக் கழற்றி, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுக் கையின் நிலைமின்னைப் போக்கி, நினைவக அட்டையை எடுத்தோம். அதன் தொடுமுனைகளை மென்மையான அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துணியால் துகளை அகற்றி, மீண்டும் அழுந்தப் பொருத்தினோம். பெட்டியினுள் ஒரு பல்லி முட்டையும் எறும்புக் கூடும் இருந்தன. அவற்றையும் மென்தூரிகையால் அகற்றினோம். ஆளியை அழுத்தியதும் ஒரே குற்றொலி கேட்டது, திரையும் விளங்கிற்று.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. பலவற்றை ஒருங்கே மாற்றிவிட்டு, எதனால் குணமாயிற்று என்றறியாது நிற்பர். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதைக் குறித்துவைக்க. மேலும், தாய்ப்பலகையிலுள்ள உருளை வடிவான கொள்ளளவிகளின் தலை புடைத்திருப்பினும் கசிந்திருப்பினும் அவற்றை மாற்றுதல் வேண்டும். 1999 முதல் 2007 வரையிலான காலத்துப் பலகைகள் பலவற்றில் இக்குறை மிகுதி.

4. மின்கலம்

திரை விளங்கியும் எமது கணினி வன்தட்டைக் காணவில்லை. 'சீமோஸ்' பிழை என்ற வாசகம் தோன்றியது. பொறியின் நாள், நேரம், தட்டின் விவரம் ஆகியவற்றைப் பொறி அணைந்த பின்னும் காப்பது ஒரு சிறு மின்கலம். 1984ஆம் ஆண்டில் வந்த ஐ.பி.எம். ஏ.ற்றி. பொறியோடு இவ்வமைப்புப் பரவிற்று. எமது பொறியில் இருந்தது காசு வடிவான 3 வோல்ற்று இலிதியக் கலம். அதனை மாற்றி, அமைப்புப் பக்கத்திற் சென்று, தட்டைத் தானே கண்டறியுமாறு பணித்ததும் குறை தீர்ந்தது. இன்னும் பழைய பொறிகள் தாமாகக் கண்டறியா. வன்தட்டின் மேலொட்டிய சீட்டிலுள்ள எண்களைக் கையால் இடல் வேண்டும்.

அக்காலத்துப் பலகைகளிற் பற்றாசு வைத்துப் பொருத்திய பீப்பாய் வடிவான நிக்கல்-கட்மியக் கலங்கள் மிகக் கொடியவை. அவற்றினின்றும் காரம் கசிந்து செப்புக் கோடுகளை அரித்துவிடும். அத்தகைய பொறி உங்களிடம் இருப்பின், அது இன்று வேலை செய்தாலும், அக்கலத்தை இன்றே வெட்டி நீக்குக. கசிந்த காரத்தை வினாகிரியால் மாற்றி, பின்னர் மருந்துக்கடை அற்ககோலால் துடைக்க.

5. வன்தட்டு

'இயங்குதளத் தட்டன்று' என்ற பொருள்பட ஆங்கில வாசகம் தோன்றின், முதலிற் பார்க்கவேண்டுவது நெகிழ்தட்டுச் செருகியில் யாரேனும் ஒரு தட்டை மறந்துவிட்டனரா என்பதே. அடுத்து, நாடா வடம் அழுந்தி நிற்கின்றதா என்று பார்க்க.

வன்தட்டு 'டக், டக்' என்று அடித்துக்கொள்ளுமாயின், உடனே நிறுத்துக. மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும். பொறியை இன்னொன்று வாங்கலாம். தட்டிலுள்ள எழுத்தை வாங்க இயலாது. எமது தட்டு நலமாகச் சுழன்றபோதும், பொறியிலேயே வைத்து வேலையைத் தொடராது, அதனைக் கழற்றி இணைப்புக் கருவியொன்றால் புதிய கணினியோடு சேர்த்து, முழுமையாகப் படியெடுத்த பின்னரே கோப்பைத் திறந்தோம்.

6. எழுத்து

கோப்பு திறந்தது, ஆயின் தமிழைக் காணோம். 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. இளைஞர் முகம் வாடிற்று. கோப்புக் கெட்டதன்று, அஃது பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பட்டது. அக்காலத்தில் ஆங்கில எழுத்தின் இடங்களிலே தமிழ் வடிவங்களை இருத்தி எழுதினர். எழுத்துரு இல்லாவிடின் ஆங்கிலமே தோன்றும். ஒருங்குறியிலே தமிழுக்குத் தனியிடம் 1991ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டதாயினும், அது நம்மூர் மேசைகளை அடையப் பல்லாண்டுகள் சென்றன. மாற்றி ஒன்றாற் பட்டியலை ஒருங்குறியாக்கினோம். பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

முதலில் இரும்புக்குக் கொடுக்கச் சொன்ன அவ்விளைஞர் திரையருகே குனிந்து, ஒரு வரியைச் சுட்டி, "ஐயா, இது எங்கள் அப்பா" என்றார். மேலே பேசவில்லை. தோட்டத்தின் பெயரும் தாத்தாவின் பெயரும் அவ்வரியிலே இருந்தன.

அன்பர்காள்! நம் நகருக்கு அணித்தாயுள்ள அலுவிகாரையிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக வந்த பௌத்த மறைகளைத் துறவிகள் ஓலையில் எழுதிவைத்தனர் என்பதை யாவரும் அறிவர். ஓலையும் நிலையாதது. அழியுமுன் அதனைப் படியெடுத்தோர் தலைமுறைதோறும் இருந்தமையாலேயே பழநூல்கள் நம்மை அடைந்தன. கணினியும் ஓர் ஓலையே. உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ உறங்கும் பழம்பொறி ஒன்று உளதேல், அதனை எறியுமுன் அதனுள் யார் பெயர் இருக்கின்றது என்று பாருங்கள். படியெடுத்து மூன்றிடங்களில் வையுங்கள். நாங்கள் மீட்ட பட்டியல் இம்மலரின் பின்பகுதியில் அச்சேறியுள்ளது. அதில் விடுபட்டோர் இருப்பின் அறியத் தருக.