ஜீப் வாங்கப் போகும் தம்பிமாருக்கு

சம்மாந்துறையில் முன்பு ஜீப் வைத்திருந்தவர்கள் போடியார்மார். விதைநெல் மூட்டையும் பசளையும் கூலியாட்களும் ஏறுவதற்கென்று வாங்கிய வாகனம் அது. அதைக் கழுவுவதே அருமை. இப்போது நீங்கள் ஆசைக்காக வாங்குகிறீர்கள். நல்லது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் பள்ளிவாசல் முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு, "மாமா, என்ன டயர் போடலாம், எவ்வளவு உயர்த்தலாம்?" என்று கேட்கிறீர்கள். எல்லாக் கேள்வியும் போவதைப் பற்றியே இருக்கிறது. நான் எழுதுவது திரும்பி வருவதைப் பற்றி.

1. எங்கே ஓடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள், வண்டியைப் பிறகு தேடுங்கள்.

1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவரை முதன்முதல் உலகத்துக்குக் காட்டியபோது அது விவசாயிக்கான வண்டி. அதை உருவாக்கிய மொரிஸ் வில்க்ஸ் தன் காணியில் ஒரு பழைய அமெரிக்க ஜீப்பை வைத்துப் பாடுபட்டவர். உலக யுத்தம் முடிந்த காலத்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு என்பதால் பொடியை அலுமினியக் கலப்பில் அடித்தார்கள். ஆகவே வயலுக்குப் போக லாண்ட் ரோவர் வாங்குகிறவன் அதற்குரிய வேலையைத்தான் கொடுக்கிறான்.

நம் பகுதியில் அதிகம் கண்ணில் படும் போர் டீ ஆர் பைவ், மிட்சுபிஷி கம்பனி 1953இல் வில்லிஸிடம் அனுமதி வாங்கிச் செய்யத் தொடங்கிய ஜீப்பின் வழிவந்தது. 2.7 லீற்றர் டீசல் என்ஜின், கம்பியூட்டர் பெட்டி எதுவும் இல்லை. ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் பற்றரி செத்தாலும் வீடு வந்து சேரும். சத்தமும் அதிகம், உலுக்கலும் அதிகம். புது மாப்பிள்ளைமார் மனைவியை ஏற்றிக்கொண்டு கண்டி போக அது தோதுப்படாது.

என்னைக் கேட்டால், தொடங்குகிறவருக்கு ஜிம்னி. மணலில் பாரம் குறைந்த வண்டிதான் ராஜா. வாய்க்கால் கட்டில் திரும்ப இடம் போதும். புதைந்தால் நான்கு பேர் சேர்ந்து தள்ளி எடுக்கலாம். மூட்டை ஏற்றத்தான் உதவாது.

2. வண்டியைப் பார்க்க முன் புக்கைப் பாருங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் துருப்பிடித்த ஜீப்புக்குக்கூடப் பவுன் விலை கேட்டார்கள். அந்த ஆசையில் புக்கை ஒழுங்காகப் பாராமல் வாங்கினவர்கள் பலர். பழைய லாண்ட் ரோவரில் ஜப்பான் டீசல் என்ஜின் ஏற்றியிருப்பது வழக்கம், அது குற்றமில்லை. ஆனால் அந்த என்ஜின் நம்பர் புக்கில் ஏறியிருக்க வேண்டும். சேசி நம்பரை நீங்களே ஒரு துணியால் துடைத்து, டோர்ச் அடித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் புது பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். விற்கிறவர் உறவுக்காரராக இருந்தாலும் கேளுங்கள். உறவுக்காரராக இருந்தால் இரண்டு தரம் கேளுங்கள்.

3. பொடி பளபளப்பில் மயங்காமல் கீழே படுத்துப் பாருங்கள்.

நம் ஊர் கடலிலிருந்து தூரமில்லை. மாளிகைக்காட்டுக் கரையில் நிறுத்தி மீன் வாங்குகிறோம், ஒலுவிலுக்குப் போகிறோம், ஒக்கந்தை மணலில் ஓடுகிறோம். உப்பும் வயல் சேறும் சேர்ந்தால் இரும்பு தாங்காது. லாண்ட் ரோவரின் பொடிதான் அலுமினியம், சேசி இரும்பு.

சேசிச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பெரும்போகம் முடிந்ததும் வண்டிக்குக் கீழே படுத்து, ஒரு கம்பியை அந்த ஓட்டைக்குள் விட்டுக் கிண்டுங்கள். முதலில் காய்ந்த களி பொடிப்பொடியாகக் கொட்டும். பிறகு ஈரமான களி வரும், வயல் மணத்தோடு. மழை நின்று எத்தனையோ நாளாகியும் உள்ளே ஈரம் காயாமல் இருக்கிறது என்றால் அதற்குள் இரும்பின் கதி என்னவென்று யோசித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை உள்ளே அடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். கம்பி சட்டத்தையே குத்திக்கொண்டு மறுபக்கம் வந்தால், அந்த வண்டி விலைக்கு வந்த வண்டியாக இருந்தால், சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

4. டயர், டயர், டயர்.

கூரை லைட், முன்னால் பெரிய பம்பர், ஸ்நோர்கல், இவற்றுக்குச் செலவழிக்கும் காசை முதலில் டயருக்குப் போடுங்கள். நிலத்தைத் தொடுவது அது மட்டுமே. அதோடு காற்று அளவுமானி ஒன்றும், பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றும்.

பாணமையைத் தாண்டி மணல் தொடங்கியதும் இறங்கி, 30 இறாத்தல் இருக்கும் டயரை 16, 18க்கு இறக்குங்கள். டயர் அகன்று நீண்டு படியும். வண்டி மணலைக் கிண்டாமல் மேலே மிதந்து போகும். இந்த ஒரு வேலை செய்கிற உதவியை எந்த வின்சும் செய்யாது. காற்றிறக்கிய டயரோடு சடக்கென்று ஒடித்துத் திரும்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், கவனம். தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள். "பொத்துவில் போய் அடிப்பம்" என்று அப்படியே ஓடினால் டயர் சூடேறி ஓரம் வெடிக்கும்.

5. தார் வீதியில் போர் வீல் போடாதீர்கள்.

பழைய ஜீப்புகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரம் ஓடும் தூரம் வேறு. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை; கியர் பெட்டிதான் முறியும்.

6. ஓடும் தண்ணீரோடு பந்தயம் வேண்டாம்.

இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில், மதரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோனது. நம் பிள்ளைகளின் ஜனாஸாக்களை நாம் தோளில் சுமந்தோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் ஜீப்பைவிட உயரமான சக்கரமும் அதிக எடையும் உள்ளது உழவு இயந்திரம். அதையே தண்ணீர் தூக்கியது என்பதை ஒவ்வொரு மாரியிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தால் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வாகனங்கள் அடித்துப் போகும், ஜீப்பும் உட்பட. பழைய லாண்ட் ரோவர் டிபென்டருக்குக் கம்பனி சொன்ன ஆழமே 50 சென்ரிமீற்றர்தான், அதுவும் நிற்கும் தண்ணீரில். ஸ்நோர்கல் பூட்டினால் என்ஜின் மூச்சுவிடும். வண்டி மிதப்பதை அது தடுக்காது. வீதிக்கு மேல் தண்ணீர் ஓடும்போது கீழே வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று உங்களுக்குத் தெரியாது.

நிற்கும் தண்ணீர் என்றால் வேறு. முதலில் ஒருவர் கம்பு ஊன்றி நடந்து பார்க்க வேண்டும். நடக்கப் பயமாக இருக்கிற இடத்தில் ஓட்டவும் கூடாது. லோ கியரில் ஒரே வேகமாகப் போங்கள், இடையில் கியர் மாற்றாதீர்கள். நடுவில் என்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே வேண்டாம். டீசல் என்ஜின் காற்றை இருபது மடங்கு வரை அழுத்துவது. தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்க, சாவியைத் திருப்பினால் கொனெக்டிங் ரொட் வளையும். கட்டி இழுத்து வெளியே எடுங்கள், கராஜில் பார்க்கலாம்.

7. தண்ணீரில் இறங்கின வண்டிக்கு அடுத்த நாள் வேலை இருக்கிறது.

ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வண்டியை ஒரு இரவு அசையாமல் நிறுத்திவையுங்கள். காலையில் டிபரென்சலின் அடி நட்டை மெல்லத் தளர்த்தி, விரலை ஏந்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும், அதனால் முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். கறுப்பாக, நூல் போல இழுபட்டால் பயமில்லை. தேத்தண்ணிக்குப் பால் விட்ட நிறத்தில் வந்தால் முழுவதையும் வடித்து மாற்றுங்கள். அந்த எண்ணெய்க்குப் பாவம் பார்த்தால் பெயாரிங்குக்கு அழ வேண்டி வரும். கிறீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றுக்கும் புதுக் கிறீஸ் அடியுங்கள், பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை.

8. தனி ஜீப்பில் காட்டுப்பக்கம் போகாதீர்கள்.

இரண்டு வண்டி இருந்தால் ஒன்று மற்றதை எடுக்கும். ஒரு வண்டி என்றால், தொலைபேசியில் சிக்னல் தேடி மரத்தில் ஏற வேண்டும். வயல்பக்கம் என்றால் யாராவது ஒருவரின் மிசின் வந்து இழுத்துவிடும், அவர் சொல்லும் கதையையும் கேட்டுக்கொண்டு வரலாம். குமண வழியில் அந்த வசதி இல்லை.

இழுப்பதில்தான் ஆட்கள் சாகிறார்கள். இரும்புச் சங்கிலி போட்டு ஓடிவந்து வெட்டி இழுக்கும் பழக்கத்தை விடுங்கள். ஓடி இழுப்பதற்கென்று நைலோனில் செய்த நாடா இருக்கிறது; அது நீண்டு கொடுத்து, பிறகு சுருங்கி வண்டியைப் பிடுங்கி எடுக்கும். அதை ட்ரெய்லர் கொழுவும் குண்டில் மாட்டவே கூடாது. குண்டு முறிந்தால் துவக்குக் குண்டுபோல வரும், அவுஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேசியோடு போல்ட் பண்ணிய கொழுக்கியில்தான் மாட்ட வேண்டும். நாடாவின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் வேகத்தைக் குறைக்கும். சுற்றி நின்று வீடியோ எடுக்கிற தம்பிமார் நாடாவின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கட்டும்.

இழுக்க முன் மண்வெட்டியை எடுங்கள். சக்கரத்தின் முன்னால் ஐந்து நிமிடம் வெட்டிவிட்டால் பாதித் தடவை இழுக்கவே தேவை வராது.

9. வரம்பில் ஏற்றாதீர்கள். கதிர் வந்த காலத்தில் வட்டைக்குள் ஜீப்போடு விளையாடினால் வட்டை விதானைக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டி வரும். நானும் அவர் பக்கம்தான் நிற்பேன்.

10. யானைக்கு வழி விடுங்கள்.

லகுகல வீதியிலும் அறுவடைக் காலத்தில் நம் வட்டைகளிலும் யானை எதிர்ப்படும். ஹோர்ன் அடிக்காதீர்கள், பெரிய லைட்டைக் கண்ணில் அடிக்காதீர்கள். என்ஜினை நிறுத்தாமல் தூரத்திலேயே நில்லுங்கள். பின்னால் வரும் கூட்டாளியிடம் ரிவர்ஸ் எடுக்க இடம் விடும்படி முதலே சொல்லி வையுங்கள். குட்டி வீதியின் ஒரு பக்கம், தாய் மறுபக்கம் என்றால் அன்றைய பயணம் அங்கே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். யானை வேலியோரம் வெடி போட்டு விரட்டிய இரவுக்கு மறுநாள் காலையில் அந்தப் பக்கமே போக வேண்டாம், கோபத்தோடு நிற்கும்.

11. காட்டில் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

2022 ஒக்டோபரில் யால பூங்காவுக்குள் கூட்டமாகப் போன ஜீப்புகள் வெறிபிடித்ததுபோல் ஓடிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பொலிஸ், நீதிமன்றம் என்று போனது. அதன் பிறகு ஜீப்காரன் என்றாலே ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். குமணவில் வனசீவராசிகள் திணைக்களத்து ஆள் சொல்வதைக் கேளுங்கள். அனுமதித்த இடம் தவிர வண்டியை விட்டு இறங்காதீர்கள். கடற்கரை மணலில் ஆமை முட்டையிடும் காலம் உண்டு; உயர் அலைக் கோட்டுக்கு மேலே உள்ள காய்ந்த மணலில் ஓடினால் கூட்டை நசுக்குவீர்கள்.

ஆடிவேல் காலத்தில் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் ஒக்கந்தை வழியாகத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். வெறுங்காலோடு, வயது போனவர்களும் இருப்பார்கள். அவர்களைக் கண்டால் நடை வேகத்துக்குக் குறையுங்கள், புழுதி கிளப்பாதீர்கள். வண்டியில் எப்போதும் இரண்டு கலன் தண்ணீர் கூடுதலாக இருக்கட்டும், கேட்காமலே கொடுங்கள்.

12. கராஜ் பாஸை மதியுங்கள், பக்கத்தில் நின்று பழகுங்கள்.

கராஜில் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் ஜீப் வைத்திருக்கத் தகுதியில்லாதவன். யூனிவர்சல் ஜொயின்ட் மாற்றவும், டீசல் பில்டரில் காற்று எடுக்கவும், பிரேக் சரிபார்க்கவும் உங்கள் கை பழக வேண்டும். அம்பாறையில் பழைய லாண்ட் ரோவரை நன்றாகத் தெரிந்த சிங்களப் பாஸ்மார் இருக்கிறார்கள். வீரமுனையில் நல்ல வெல்டிங்காரர்கள் இருக்கிறார்கள். பாஷை தட்டுத்தடுமாறினாலும் ஸ்பேனர் கையில் இருந்தால் கதை ஓடும். இந்த நாட்டில் ஆட்கள் சேர்ந்து பழக ஜீப்பைவிட லேசான சாட்டு எனக்குத் தெரியாது.

13. பயணக் கணக்கைப் புறப்பட முன்னே பேசுங்கள்.

டீசல், சாப்பாடு, பூங்காக் கட்டணம் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுங்கள். வண்டி கொண்டுவருகிறவரிடம் டீசலுக்குப் பங்கு கேட்காதீர்கள், அவருக்குத் தேய்மானம் இருக்கிறது. வழியில் உடைந்ததைச் சொந்தக்காரர் கட்டுவார். இழுத்து எடுக்கப்போய் உடைந்த நாடாவை எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள், இருட்ட முன் தார் வீதிக்கு வந்துவிடுங்கள். நெய்ச்சோறு எந்த வீட்டுப் பொறுப்பு, முட்டித் தயிர் யார் வாங்குவது, அந்த முட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீற்றில் இருப்பது யார் என்பதையும் அப்போதே முடிவெடுங்கள். போன தடவை அதில்தான் சண்டை வந்தது.